ஒரு மழை தாங்கும் பிக்கப்

கோபத்தை ஆறப்போடு என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆறிப்போனால் அதற்குப் பெயர் கோபமா? நான் என் கோபத்தைப் பல வருஷம் கங்கு அணையாமல் வைத்திருந்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. யார்மேல், எதற்காக என்று கேட்டால், ஒரு கிட்டார்காரன்மேல், மைக்கில் அவன் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்காக.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே எங்களுக்கு ஒரு மைக் செட் கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாதா கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், ரெக்கார்டு பிளேயர் வாடகைக்கு விடுவோம். மரத்தில் ஏறிக் கட்டுவதும் அவிழ்ப்பதும் என் கணவர் வேலை. எரிந்துபோன காயிலை மறுபடி சுற்றுவது என் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் டிரான்ஸ்பார்மர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயில் சுற்றுவார்கள். நான் அவர்களில் ஒருத்தி. சீதனமாக நான் கொண்டுவந்தது அந்தக் கைதான் என்று என் மாமியார் குத்திக்காட்டுவார். கடையில் பாதி வருமானம் அந்தக் கையிலிருந்துதான் வந்தது என்று நானும் திருப்பிக் குத்துவேன்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் அவன் கடைக்கு வந்தான். சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களின் குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவன் அப்பா சைகோனில் வேலை பார்த்துத் திரும்பும்போது கொண்டுவந்த கிட்டார் ஒன்றைக் கையில் வைத்திருந்தான். சாதாரண மரக் கிட்டார், இரும்புக் கம்பி. கோயில் கல்யாணங்களிலும் சொல்தா வீட்டு விருந்துகளிலும் நண்பர்களோடு வாசித்துக்கொண்டிருந்தான். டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்தால் கிட்டார் இருக்கிற இடமே தெரியவில்லை, எதிரில் மைக்கை வைத்தால் ஊளையிடுகிறது என்று என் கணவரிடம் புலம்பினான்.

"இதுக்குள்ளயே ஏதாவது வச்சி ஆம்ப்ளிபயர்ல குடுக்க முடியுமாண்ணே?"

"அவளக் கேளு. கம்பி சமாச்சாரம் எல்லாம் அவளுதுதான்" என்றார் என் கணவர்.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையின் பக்கத்தை எடுத்துக் காட்டினான். எலக்ட்ரிக் கிட்டாரை அறுத்துப் போட்டதுபோல் ஒரு படம். எழுத்து எனக்குப் புரியவில்லை. காந்தமும் அதைச் சுற்றிய காயிலும் எந்த பாஷையில் போட்டாலும் காந்தமும் காயிலும்தான். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் கிளம்பும், அதை ஆம்ப்ளிபயருக்கு அனுப்பினால் சத்தம். அந்தச் சாமானுக்குப் பெயர் பிக்கப். இவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு என்று தெரியக் கொஞ்ச நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய டெலிபோன் ரிசீவர்களை வாங்கி உடைத்துக் காந்தம் எடுத்தேன். சோப்பு டப்பாவை அறுத்துக் காயில் சுற்றச் சட்டம் செய்தேன். கம்பிக்கு ஒன்றாக ஆறு இரும்பு ஸ்க்ரூ. தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். தும்மினால் அறுந்துவிடும். அறுந்தது. பலமுறை அறுந்தது. கடைசியில் ஒன்று முழுசாக வந்து, அதைக் கிட்டாரின் வட்ட ஓட்டையில் பொருத்தி அவன் வாசித்தபோது, கூடவே ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். டியூப் லைட்டை அணைத்தால் குறைந்தது. டியூப் லைட்டை அணைத்துவிட்டுக் கல்யாணம் நடத்த முடியுமா? இன்னொரு காயிலை எதிர்த்திசையில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே இரைச்சலைத்தான் வாங்கும். ஆனால் ஒன்று ஏற்றும்போது மற்றது இறக்கும். இரைச்சல் அடங்கியது.

அப்போதும் எனக்குத் திருப்தியில்லை. கம்பியின் சத்தம் வந்தது, கிட்டாரின் சத்தம் வரவில்லை. அந்த மரப்பெட்டிக்கு என்று ஒரு குரல் இருந்தது. விரல் படும்போது நகம் உரசுவது, உள்ளங்கை தட்டுவது எல்லாம் அதில் கேட்கும். காந்தத்துக்கு இரும்பு தெரியும், மரம் தெரியாது. என்ன செய்யலாம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது மேஜைமேல் ஒரு ரெக்கார்டு பிளேயர் திறந்து கிடந்தது. அதன் ஊசிக்குப் பின்னால் ஒரு படிகத்துண்டு இருக்கும், கிரிஸ்டல் என்போம். ஊசி ஆடினால் அது நசுங்கி மின்சாரம் கொடுக்கும். ஊசி ஆடினால் கொடுக்கிறது, மரம் ஆடினால் கொடுக்காதா? ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிரிஸ்டலை மட்டும் கிட்டாரின் உள்பக்கம், கம்பிகளைத் தாங்குகிற கட்டைக்குக் கீழே ஒட்டினேன். மரம் பேசியது.

இதற்கு இப்போது ஹைபிரிட் பிக்கப் என்று பெயராம். அப்போது எங்களுக்கு ஹைபிரிட் என்றால் கம்பு விதை. காயிலையும் கிரிஸ்டலையும் நேராகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று அமுக்கியது, மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைப்பது மாதிரி. கிரிஸ்டலுக்குத் தனியாக ஒரு டிரான்சிஸ்டரும் சின்ன பாட்டரியும் கொடுத்துத் தனிக்குடித்தனம் வைத்த பிறகுதான் இரண்டும் ஒத்துப்போயின. கிட்டாரின் வயிற்றில் பழைய வேட்டியைத் திணித்ததும் ஊளையும் நின்றது. அவன் சாயங்காலம் சாயங்காலம் வருவான், வாசிப்பான். நான் ஸ்பீக்கர் முன்னால் நின்று கேட்பேன். இது தடிப்பு, இது மெலிசு, இன்னும் கொஞ்சம் மரம் வேண்டும் என்று சொல்வேன். அவனுக்கு அது புரியாது. மறுநாள் நான் மாற்றி வைத்திருப்பதை வாசித்ததும் அவன் முகம் மாறும்.

ஒருநாள் எல்லாம் கூடிவந்தது. அவன் ஒரு மெதுவான பிரெஞ்சுப் பாட்டை வாசித்தான். கம்பி இழுபட்டு நீண்டது. அதன் அடியில் மரம் மூச்சுவிட்டது. தெருவில் ரொட்டிக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்குக் கண் கலங்கியது. அதுவரை நான் சுற்றிய காயில் எல்லாம் யாருடைய சத்தத்தையோ பெரிதாக்கியது. இது நான் செய்த சத்தம்.

"அக்கா, மொத புரோகிராம்லயே மைக்ல சொல்லிட்றேன். இத செஞ்சது இவங்கதான்னு பேரு சொல்லி, எழுந்து நிக்க வச்சி, எல்லாரையும் கை தட்ட வக்கிறேன்" என்றான் அவன்.

நான் கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானாகக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்துப்போயிருப்பேன். அவனாகச் சொன்னான்.

முதல் புரோகிராம் ஒரு சொல்தா வீட்டுக் கல்யாணம். ஆம்ப்ளிபயர் எங்களுடையது என்பதால் நானும் போனேன். தீபாவளிப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். அவன் வாசித்ததும் கூட்டம் அசந்துபோனது. தொப்பி போட்ட ஒரு பெரியவர் மேடைக்கு அருகே வந்து, இது எங்கே வாங்கியது என்று கேட்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அவன் மைக்கில் குனிந்து சொன்னான்.

"பாரீஸ்லேர்ந்து மாமா அனுப்ச்சது."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது பிடித்துக்கொண்டேன்.

"இன்னா தம்பி, உங்க மாமா எந்தக் கப்பல்ல அனுப்புனாரு?"

"கோச்சிக்காதீங்கக்கா. ஒரு மதிப்புக்காவ சொன்னேன். இங்க செஞ்சதுன்னா எவன் மதிப்பான்? அதுவும் ஒரு பொம்பள செஞ்சதுன்னா சிரிப்பாங்க."

கை நிறையக் காசு கொடுத்துவிட்டுப் போனான். காசு விஷயத்தில் அவன் எப்போதும் குறை வைத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து பட்டுப்புடவையைச் சுருட்டிப் பெட்டிக்குள் எறிந்தேன். என் கணவர் நல்ல மனிதர், அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. "வுட்டுத் தள்ளு. பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார். எனக்குப் பூமி வேண்டாம், ஒரு மைக் போதும் என்றேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடற்கரை ஊரில் மழை என்றால் உப்பு டப்பா தண்ணீராகிவிடும், தீக்குச்சி பற்றாது. அடைமழையில் ஒருநாள் அவன் கிட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். மரச் சத்தம் போய்விட்டதாம். கழற்றிப் பார்த்தேன். கிரிஸ்டல் கசிந்து பிசுபிசுத்துக் கிடந்தது. அதுவும் ஒரு ஜாதி உப்புதான். ஈரத்தைக் குடித்துவிட்டுச் செத்துப்போகும். எங்கள் ரெக்கார்டு பிளேயர்களிலேயே மழைக்கு மழை அது சாவதைப் பார்த்திருக்கிறேன்.

காயவைத்துப் பார்க்கலாமே என்று பல்பு வெளிச்சத்துக்குக் கீழே வைத்தேன். அளவுக்கு மேல் காய்ந்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. ஈரமும் ஆகாது, ரொம்பக் காய்ச்சலும் ஆகாது, அப்படி ஒரு ராசி அதற்கு. இன்னொன்றை மெழுகில் முக்கிப் பார்த்தேன், மெழுகின் சூட்டிலேயே செத்தது. கடைசியில் வாஸ்லின் பூசி, பலூன் ரப்பரில் இறுக்கிச் சுற்றி, உறையப்போகிற சமயத்தில் மெழுகை ஊற்றினால் ஈரமும் உள்ளே போகாது, உள்ளே இருப்பதும் காயாது என்று கண்டுபிடித்தேன். கடையின் பிளேயர் ஒன்றில் அப்படிச் செய்து வைத்தது மழைக்கு மேல் மழையாகத் தாங்கியது.

அவனுக்கு அதைச் செய்து கொடுக்கவில்லை. அவனுக்குக் கொடுத்தது வெறும் கிரிஸ்டல், மேலே பேருக்கு ஒரு துணி. ஒரு மழை வரைக்கும் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்கு அவன் என் வாசலுக்கு வந்தாக வேண்டும். தெரிந்துதான் செய்தேன். செய்யும்போது பாட்டுகூட முணுமுணுத்திருப்பேன்.

அப்படியே வந்தான், வருஷா வருஷம். கிறிஸ்துமஸ் புரோகிராம்கள் நெருங்கும், மழை கொட்டும், மரம் வாயை மூடிக்கொள்ளும், இவன் வந்து நிற்பான். நான் உடனே எடுக்க மாட்டேன். கையில் மிக்ஸி காயில் இருந்தால் அதை முடிப்பேன். முடித்துவிட்டு டீ குடிப்பேன். அவன் கடை வாசலில் ஸ்டூல் போட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க உட்கார்ந்திருப்பான். ஷூ பாலிஷ் நனைந்து வழியும்.

எதிர்க்கடைக்காரர் ஒருநாள் கேட்டார்: "பாரீஸ் சாமானாச்சே, அது ஏன் வருஷா வருஷம் இங்க வந்து குந்தினுகீது?"

"பாரீஸ்ல மழயாம். அதுக்கு இங்கதான் வெயிலு" என்றேன். ஸ்டூலில் இருந்தவன் தலையைத் தூக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் வேலையை முடித்து அவன் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "மைக்ல சொல்றியா?"

"அடுத்த புரோகிராம்ல கண்டிப்பா சொல்றேன்க்கா."

அடுத்த புரோகிராமில் சொல்ல மாட்டான். இதற்கிடையில் அவன் பெயர் பரவிவிட்டது. அரியாங்குப்பத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கூப்பிட்டார்கள். பாரீஸ் கிட்டார் என்றே நோட்டீஸில் போட ஆரம்பித்தார்கள். அந்த நோட்டீஸ் ஒன்று எங்கள் கடைச் சுவரிலேயே ஒட்டப்பட்டிருந்தது. நான் கிழிக்கவில்லை. மிளகாய் கிள்ளும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே கிள்ளுவேன்.

ஒரு கோடையில் அவன் மாமா நிஜமாகவே பாரீஸிலிருந்து ஒரு பிக்கப் கொண்டுவந்து கொடுத்தார். பளபளவென்று இருந்ததாம். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. அவன் இனி வர மாட்டான், என்னுடையது குப்பைக்குப் போகும் என்று நினைத்தேன். அதை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்தில் வாசித்தான். கூட்டத்தில் முகம் சுளித்தார்கள். பழைய சத்தம் எங்கே என்று கேட்டார்கள். "அந்த பாரீஸ் சாமானையே போடு தம்பி, இது லோக்கல் மாதிரி இருக்குது" என்று தொப்பிக்காரப் பெரியவரே சொன்னாராம். என் கணவர் இதை வந்து சொன்ன அன்று நான் பாயசம் வைத்தேன்.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் நன்றாக வாசித்தான். வேறு சிலரும் என் கடையில் அந்தக் கிட்டாரை வாங்கித் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஒருவன் கையிலும் அது அப்படிப் பேசவில்லை. எவ்வளவு அழுத்தினால் மரம் திறக்கும், எங்கே விட்டால் கம்பி நீளும் என்று அவன் விரலுக்குத் தெரிந்திருந்தது. புரோகிராம்களில் நான் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் நின்று பற்களைக் கடித்துக்கொண்டுதான் கேட்பேன். ஆனால் ஒரு புரோகிராமையும் விட மாட்டேன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் அவன் பிரான்சுக்குப் போவதாக முடிவானது. அவர்களிடம் பிரெஞ்சு நாசியோனாலித்தே, அதாவது குடியுரிமை, இருந்தது, மாமா அங்கே வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். இந்த முறை மழைக்கு முன்னாலேயே கடைக்கு வந்தான்.

"அக்கா, ரெண்டு பிக்கப்பு வேணும். அங்க நம்ப ஆளுங்க ஓட்டல் வச்சிருக்காங்க, சனிக்கெழம சனிக்கெழம வாசிக்கச் சொல்லிருக்காங்க. அங்கேர்ந்து ரிப்பேருக்கு வர முடியாது. ரொம்ப நாள் வர்ற மாதிரி செஞ்சி குடுங்க."

"மொதல்ல மைக்ல சொல்லு. அப்புறம் பாக்கலாம்."

"சரி. பதினாலு ஜூலைக்கு எனக்கு வழியனுப்பு வச்சிருக்காங்க. அங்க சொல்லிட்றேன். மாதா மேல சத்தியம்."

பதினாலு ஜூலை பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். எங்கள் ஊர் பென்ஷன்காரர்கள் மார்பில் மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் அணிவகுப்பார்கள், பிறகு விருந்து, டான்ஸ். அன்று வழியனுப்பு என்றால் ஊரே இருக்கும். நான் இரண்டு பிக்கப்பையும் செய்தேன். வாஸ்லின், பலூன் ரப்பர், ஆறின மெழுகு எல்லாம் முறையாகப் போட்டு, எந்த ஊர் மழையும் எந்த ஊர் வெயிலும் ஒன்றும் செய்ய முடியாதபடி மூடினேன். வாக்கைக் காப்பாற்றுகிறவனுக்கு நானும் குறை வைக்கக்கூடாது. பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, அதே தீபாவளிப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் நாற்காலி போட்டு என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், அவன் சொல்லியிருந்தானாம். பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மதாம், பிரான்சில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து, கணவரின் பென்ஷனில் தனியாக இருப்பவர். தன் ரெக்கார்டு பிளேயரை எங்கள் கடையில்தான் ரிப்பேருக்குக் கொடுப்பார். அவன் வாசித்து முடித்ததும் மைக்கைப் பிடித்தான். பேச ஆரம்பித்தான். பிரெஞ்சில்.

நான் மைக்கில் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டிருந்தேன். எந்த பாஷையில் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த மேடையில் எல்லோருமே பிரெஞ்சில்தான் பேசினார்கள், அதுதான் அங்கே மரியாதை. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டு அது எனக்கு ஞாபகம் வராமல் போனதை என்ன சொல்ல. அவன் பேசப்பேச என் பக்கம் கையைக் காட்டினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். கையைக் கூப்பிக் கும்பிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். தூரத்தில் ஆம்ப்ளிபயர் பக்கத்திலிருந்து என் கணவரும் கை தட்டினார்.

உட்கார்ந்ததும் மதாமிடம் கேட்டேன். "இன்னா சொன்னான் மதாம்? எம் பேரச் சொன்னானா?"

அவர் தயங்கினார். நான் விடவில்லை.

"பேரு ஒண்ணும் சொல்லலம்மா. இந்தப் பிக்கப்பு முழுக்க தானே யோசிச்சிக் கண்டுபிடிச்சதுன்னான். பாரீஸ்னு சொன்னது வெளையாட்டுக்காம். கம்பி சுத்தற வேலைக்கு மட்டும் பக்கத்துத் தெருவுல ஒரு பொம்பளய வச்சிருந்தேன், அவளுக்கும் மெர்சி, நன்றின்னு சொன்னான்."

கும்பிட்ட கை மடியில் கிடந்தது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்கு வைத்திருந்தேன் என்றதற்கு நான் எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறேன், அத்தனை பேர் பார்க்க. முன்பு பொய்யிலிருந்த பாரீஸ் மாமாவாவது யாரோ ஒருவர். இப்போது அந்த இடத்தில் அவனே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து மதாமிடம் வேறொன்று கேட்டேன். "அங்க குளுருல வீட்டுக்குள்ள எப்படி இருக்கும் மதாம்?"

"செவுத்துலயே சூட்டுப் பெட்டி வச்சி நாள் பூரா எரிய வுடுவாங்க. காத்து வறண்டு போயிடும். ஒதடு வெடிக்கும், தோலு உரியும். எனக்கு ஒத்துக்கவே இல்ல, அதான் திரும்பி வந்துட்டேன்."

அவன் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "சொல்லிட்டேன் பாத்தீங்களாக்கா? எல்லாரும் எப்டி கை தட்னாங்க."

"பாத்தேன் தம்பி. பிக்கப்புல ஒரு சின்ன வேல பாக்கி இருக்குது. நாளைக்கிக் கடைல வந்து வாங்கிக்க."

மறுநாள் காலையில் மேஜைமேல் இரண்டையும் வைத்து, மெழுகைச் சுரண்டினேன். பலூன் ரப்பரை பிளேடால் கீறி எடுத்தேன். வாஸ்லினைப் பஞ்சால் துடைத்தேன். என் கணவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அவருக்கும் இந்தத் தொழில் தெரியும்.

"வேணாம். போறவன் போவட்டும்" என்றார்.

"போவத்தான் போறான்" என்றேன்.

கிரிஸ்டலின் மேலே அழகான வெல்வெட் துணி ஒட்டினேன். ஒரு நகைப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன். வெல்வெட்டைப் பார்த்து அவன் அசந்துபோனான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தபோது வாசலில் ஸ்டூல் காலியாக இருந்தது. அங்கே சூட்டுப் பெட்டியைப் போட்டிருப்பார்களா என்று யோசிப்பேன். பொடியாக உதிர்வதை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு கோடை கழித்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் நேராகக் கடைக்கு வந்தான். உடம்பு வெளுத்து, கழுத்தில் மெல்லிசாக ஒரு சங்கிலி. தோளில் கிட்டார். ஸ்டூலைக் காட்டவில்லை நான், அவனாகவே உட்கார்ந்தான். நகைப்பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தான். வெல்வெட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி.

"மொத குளுருலயே போயிடுச்சிக்கா. ரெண்டாவதும் அப்டியே. ஓட்டல்ல வாசிக்கும்போது பாதிலயே நின்னுபோச்சி. அங்க கடைல குடுத்தேன், எத்தினி பேர்கிட்ட குடுத்தேன். காயில் மட்டும் வச்சித் தர்றான், வேற கிரிஸ்டல் வச்சித் தர்றான். அந்தச் சத்தம் வரல. இப்ப என்னை யாரும் கூப்புட்றதில்ல. வாசிக்கிறதயே வுட்டுட்டேன்."

அவன் மேஜையைப் பார்த்தான். ஒரு புரோகிராமுக்குப் போகவேண்டிய மைக்கை என் கணவர் சோதனைக்காக மாட்டி வைத்திருந்தார், கடை முகப்பில் குழாய் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து மைக்கை எடுத்தான்.

"எல்லாரும் கேளுங்க. நான் வாசிச்ச கிட்டாரு பிக்கப்பு பாரீஸ்லேர்ந்து வந்தது இல்ல. நான் யோசிச்சதும் இல்ல. இந்தக் கடைல இருக்காங்களே இந்த அக்கா, இவங்கதான் மொத்தமும் யோசிச்சி, மொத்தமும் செஞ்சது."

என் பெயரைச் சொன்னான். அப்பா பெயரையும் சேர்த்து முழுசாகச் சொன்னான். தமிழில், நடுத்தெருவில், குழாய் ஸ்பீக்கரில். சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்றார்கள். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்தார். ஒருவர் கை தட்டினார், பிறகு இன்னும் சிலர். நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த முறை எழுந்திருக்கவில்லை.

அவன் மைக்கை அணைத்துவிட்டு என் எதிரில் வந்தான். கண் நிறைந்திருந்தது.

"இப்ப செஞ்சி குடுப்பீங்களாக்கா?"

"மாட்டேன்."

"சொல்லிட்டேனேக்கா."

"கேட்டுச்சி தம்பி. சந்தோஷம். போய்ட்டு வா."

அவன் என் கணவரைப் பார்த்தான். அவர் தலை குனிந்துகொண்டார். கிட்டாரை எடுத்துக்கொண்டு அவன் வெயிலில் நடந்து போனான். அதற்குப் பிறகு அவன் கடைப் பக்கம் வந்ததில்லை. கிட்டாரைத் தன் அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலம் என் கணவர், "இப்ப ஆறுச்சா?" என்று கேட்டார். ஆறியது என்றேன். பொய்யில்லை. அவன் நடந்து போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றில் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. யாராவது மன்னித்திருக்கலாமே என்றால், நீங்கள் எழுந்து நின்று கும்பிட்டுப் பாருங்கள் என்பேன்.

ஆனால் எனக்காக ஒரு பிக்கப் செய்து பார்க்கலாம் என்று அந்த வருஷமே உட்கார்ந்தேன். காயில் சுற்றி, கிரிஸ்டலைப் பொதிந்து, எல்லாம் சரியாகச் செய்தேன். சந்தையில் ஒரு கிட்டார் வாங்கிப் பொருத்தினேன். தெரிந்த பையன்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். ஒருவன் வாசித்தான், இன்னொருவன் வாசித்தான். கம்பியும் கேட்டது, மரமும் கேட்டது. நான் செய்த அந்தச் சத்தம் வரவில்லை. அதில் பாதி அவன் விரலில் இருந்திருக்கிறது. பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, பிக்கப்பைக் கழற்றிச் செம்புக் கம்பியை அவிழ்த்து மறுபடி உருளையில் சுற்றி வைத்தேன், மிக்ஸி காயிலுக்கு ஆகும் என்று.